எஸ்டிபி என்ற பெயரை நம்பாதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றை அழிக்க வேண்டும், எது எது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இதைப் படித்து முடிக்கும்வரை எதிலும் கை வைக்காதே.

போன மாதம் நான் மயிரிழையில் தப்பினேன். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் அதன் மையப் பகுதியான கெர்னல், டிஸ்கைக் கண்டுகொண்ட வரிசையில் வைக்கிற பெயர்கள். நேற்று எஸ்டிபியாக இருந்த காலி டிஸ்க், மறுபடி பூட் செய்ததும் எஸ்டிசி ஆகிவிட்டது. எஸ்டிபி என்ற பெயர் போய் உட்கார்ந்தது தங்கை கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்கில். அழிக்கிற 'டிடி' கட்டளையை டைப் அடித்துவிட்டேன், என்டர்தான் தட்டவில்லை. ஏதோ உறுத்தியது, அளவைப் பார்த்தேன்.

அளவு 'சிஸ்' என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்தான்), 'பிளாக்'கில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அடைவு. உள்ளே இருப்பவை டிஸ்கில் எழுதி வைத்த ஃபைல்களே இல்லை. நீ திறந்து படிக்கிற நொடியில் கெர்னல் தனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்கிறது. இந்த ஏற்பாட்டின் பெயர் சிஸ்எஃப்எஸ். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு வந்தது, பாட்ரிக் மோச்செல் எழுதியது. ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு மதிப்பு என்பது அதன் விதி. அதற்கு முன் 'ப்ராக்' என்ற அடைவில் ஒவ்வொரு டிரைவர் புரோகிராமும் தன் இஷ்டப்படி கொட்டி வைத்திருந்ததைப் படித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஃபைலில் இருப்பதைக் காட்டும் 'கேட்' கட்டளையை அடித்தால் போதும், அளவு பார்க்க ரூட் (நிர்வாகி) உரிமைகூட வேண்டாம்.

எஸ்டிபியின் 'சைஸ்' ஃபைலில் 1953525168 என்று இருந்தது. இது பைட் கணக்கு இல்லை, 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கை. டிஸ்கின் செக்டார், அதாவது அதன் சொந்தத் துண்டு, 4096 பைட்டாக இருந்தாலும் இங்கே 512 கணக்குதான். பெருக்கிப் பார்த்தால் ஒரு டெராபைட். என் காலி டிஸ்கோ 500 ஜிபி! அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

நீயும் முதலில் சைஸைப் பார், அப்புறம் அதே இடத்தில் 'டிவைஸ்' அடைவில் 'மாடல்' ஃபைலைப் பார். இரண்டு டிஸ்க்கும் இவற்றில் ஒன்றுபோல இருந்தால் 'டெவ்' அடைவில், 'டிஸ்க்' என்பதற்குள் 'பை-ஐடி' இருக்கும். அங்குள்ள பெயரில் சீரியல் எண்ணும் சேர்ந்தே வரும். டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்து, டிடிக்கும் அந்த நீளப் பெயரையே கொடு. 'சிஸ்'ஸில் அந்த டிஸ்க்கின் அடைவில், 'க்யூ'வுக்குள் 'ரொட்டேஷனல்' என்று ஒரு ஃபைலும் உண்டு. சுழலும் டிஸ்க் என்றால் 1, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் 0. ஆனால் யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டிகூடச் சில சமயம் 1 என்று காட்டும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே.

வெயிலில் டிஸ்க் சூடாகிறது என்றாயே, சாட்டா டிஸ்க் என்றால் 5.6 கெர்னலில் வந்த 'டிரைவ்டெம்ப்' மாட்யூலை (கெர்னலோடு சேர்க்கும் துணைப் புரோகிராம்) ஏற்று. வெப்பநிலையும் ஒரு ஃபைலாக வந்து நிற்கும். 43000 என்றால் 43 டிகிரி.

இரண்டு லேபிள்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு அழிக்கலாம்.

உன் பழைய ரூம்மேட்