பிள்ளைத்தாய்ச்சியின் சொல்லை நம்பும் கதைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவுற்ற பெண் ஒருத்தியை நடுவில் நிறுத்தி, அவளுடைய தோழிகளும் கணவனும் அண்டை வீட்டாரும் மறைத்து வைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு போகும் உளவியல் திகில் நாவல்கள் ஆங்கிலத்தில் தொடர்ந்து வருகின்றன. அவ்வகைக் கதைகள் வலைத்தொடர்களாகி, தமிழ்க் குரலோடு நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிடுகின்றன. தங்கள் ஞாயிறு இணைப்பில் இவற்றுக்கு வரும் மதிப்புரைகள், கடைசித் திருப்பம் எவ்வளவு எதிர்பாராதது என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் திருப்பம் பல கதைகளில் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது: அவள் கண்டதும் கேட்டதும் மெய்யல்ல, கர்ப்பம் அவள் புத்தியைப் பேதலிக்கச் செய்துவிட்டது என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். இது சோம்பலான முடிவு என்பது மட்டுமல்ல, மெய்யான பெண்களுக்குத் தீங்கு செய்யும் முடிவு என்றும் கருதுகிறேன்.

இவ்வகைக்குத் தாய் என்று சொல்லத்தக்க நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் எழுதி 1967இல் வெளிவந்த 'ரோஸ்மேரீஸ் பேபி'. அடுத்த ஆண்டே திரைப்படமாகி, அண்டை வீட்டு மூதாட்டியாக நடித்த ரூத் கார்டனுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. (அப்படத்தின் இயக்குநர் 1977இல் சிறுமி ஒருத்தியுடன் சட்டவிரோதமாகப் பாலுறவு கொண்ட குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் நாட்டைவிட்டு ஓடியவர். ஆகவே என் பேச்சு பெரும்பாலும் நாவலைப் பற்றியே இருக்கும்.) சாத்தானை வழிபடும் கூட்டம் ஒன்று இளம்பெண்ணின் வயிற்றில் வளரும் பிள்ளைக்காகக் காத்திருப்பதாகக் கதை. சாத்தானை எடுத்துவிட்டுப் படித்தாலும் கதை அதே அளவு நடுக்கம் தருகிறது என்பதுதான் அதன் பலம்.

ரோஸ்மேரி ஒமாஹா நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கத்தோலிக்கரல்லாத ஒருவரை மணந்ததால் பிறந்த வீட்டோடு உறவு அறுந்தவள். தலைச்சன் பேறுக்குத் தாய்வீடு போவது வழக்கமான நம்மவர்க்கு இந்த ஒரு செய்தியே அவள் தனிமையை முழுதாக உணர்த்திவிடும். நியூயார்க்கில் அவளுக்குக் கணவனும் சில நண்பர்களும் தவிர யாரும் இல்லை. அந்த நண்பர்களை அவளிடமிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை லெவின் எழுதியிருக்கும் விதம், எந்தப் பேய்க்கதையிலும் நான் காணாத நுட்பம் கொண்டது. அண்டை வீட்டார் சிபாரிசு செய்யும் புகழ்பெற்ற மருத்துவர் முதல் சந்திப்பிலேயே அவளிடம் விதிக்கும் கட்டளைகள் இரண்டு: புத்தகம் படிக்கக் கூடாது, தோழிகள் சொல்வதைக் கேட்கக் கூடாது. ஒரு கர்ப்பத்தைப் போல் இன்னொன்று இருப்பதில்லையாம். கடை மாத்திரைகளும் வேண்டாமாம், பக்கத்து வீட்டு அம்மையார் தம் மூலிகைகளைக் கொண்டு தினமும் ஒரு பானம் செய்து தருவாராம். எல்லாமே அக்கறையின் குரலில் சொல்லப்படுகின்றன. எங்கும் ஓர் அதட்டல்கூட இல்லை.

பிறகு வலி வருகிறது. வாரக்கணக்கில் தீராத வலி. உடல் பெருக்க வேண்டிய நாளில் அவள் இளைத்துப் போகிறாள். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்கிறார் மருத்துவர், அதையே கணவனும் திருப்பிச் சொல்கிறான். கடைசியில் தன் வயதுத் தோழர்களை மட்டும் அழைத்து அவள் ஒரு விருந்து வைக்கிறாள். அந்த விருந்தின் நடுவே சமையலறையில் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். படத்தில் உள்ளே வர முயலும் கணவனைத் தடுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இத்தனை நாள் வலி இயல்பல்ல, ஏதோ கோளாறு என்பதற்கு அறிகுறி, உடனே வேறு மருத்துவரிடம் போ என்று அவர்கள் சொல்லக் கேட்டு அவள் உடைந்து அழுகிறாள். கதை முழுவதிலும் அவள் உடம்பைப் பற்றி உண்மை பேசப்படும் இடம் அநேகமாக அந்தச் சமையலறை ஒன்றுதான். அன்றிரவே, வேறு மருத்துவரைப் பார்க்கப் போவதாகக் கணவனிடம் அவள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே வலி நின்றுவிடுகிறது. வலி நின்றதும் தோழிகளும் கதையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகிறார்கள். இரகசியம் பிழைத்துக்கொள்ளும் வழியே அதுதான்.

எனக்கு மிகுந்த அச்சம் தந்த பகுதி அதற்கும் பிறகு வருகிறது. நிறைமாத வயிற்றோடு, கோடை வெக்கையில், தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, முன்பு தன்னைப் பரிசோதித்த ஹில் என்ற இளம் மருத்துவருடைய அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். கூண்டை வேறு யாரும் கேட்டுவிடாதபடி ரிசீவரைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே, அழைப்பு வரும் வழி அடைபடாதிருக்கத் தொலைபேசிக் கொக்கியை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். ஹில் கொடியவர் அல்லர். அவள் சொல்வதை முழுவதும் கேட்கிறார், படுத்து ஓய்வெடுக்க இடம் தருகிறார். அவள் கண் அயர்ந்த நேரத்தில் அவளுடைய கணவனையும் அண்டை வீட்டார் சிபாரிசு செய்த மருத்துவரையும் வரவழைத்து ஒப்படைத்துவிடுகிறார். நல்லவர் ஒருவர், நல்லெண்ணத்தோடு, கர்ப்பிணியின் சொல்லைவிட ஆண்கள் இருவரின் சொல்லே நம்பத்தக்கது என்று முடிவெடுக்கிறார். இதைப் படித்த பிறகு, கடைசி அத்தியாயத்தில் வரும் சாத்தானின் பிள்ளை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அன்றைய வாசகர்களுக்கு இது வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்து, மசக்கைக்கும் தூக்கத்துக்கும் தீங்கற்றது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் வளர்ச்சியற்ற குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகே 1961இல் அங்கு திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி தர மறுத்து நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மயக்கத்தில் கிடந்த மனைவியிடம் தான் உறவு கொண்டதாகக் கணவன் மறுநாள் காலை சாதாரணமாகச் சொல்வது நாவலில் வருகிறது. அன்றைய நியூயார்க் சட்டப்படி அது குற்றமே அல்ல; மனைவியை வன்புணரும் கணவனுக்கு இருந்த விலக்கை அம்மாநில நீதிமன்றம் நீக்கியது 1984இல்தான். நாவல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1969இல், பாஸ்டன் நகரத்துப் பெண்கள் சிலர் கூடித் தங்கள் உடம்பைப் பற்றியும் மருத்துவர்கள் தங்களை நடத்தும் விதத்தைப் பற்றியும் பேசத் தொடங்கி, மறு ஆண்டு அதை ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார்கள். ரோஸ்மேரியின் சமையலறையில் பாதியில் நின்றுபோன பேச்சு அது.

லெவின் தம் கதாநாயகியை ஒருபோதும் கைவிடவில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. ஊரே அவளைப் பித்துப் பிடித்தவள் என்றாலும் அவள் சந்தேகித்தது சரி. இன்றைய கதைகள் பலவற்றில் இது தலைகீழாகிவிட்டது. பேறுகாலப் பயிற்சி வகுப்பில் அறிமுகமாகும் புதுத் தோழி கட்டாயம் வஞ்சகியாக இருக்கிறாள், கர்ப்பிணியின் நினைவோ நம்பத்தகாததாக இருக்கிறது. ஆபத்தில் அவளுக்குத் துணைநிற்கக் கூடிய தோழமையையும் பறித்து, அவள் அறிவையும் பறித்துவிட்டால் கதாசிரியருக்கு வேலை எளிது. அதை நாம் பாராட்டத்தான் வேண்டுமா?

மனநோயைக் கதையில் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினரும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் மனநலச் சிக்கலுக்கு உள்ளாகிறார்கள்; அது பெரும்பாலும் மனச்சோர்வு. திகில் கதைகள் விரும்பி எடுத்தாளும் பேறுகாலப் பெரும்பித்து, அதாவது மெய் எது பொய் எது என்று தெரியாமல் செய்துவிடும் கடும் மனநோய், ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் மட்டுமே நேர்வது. பெரும்பாலும் பேறு முடிந்த முதல் இரு வாரங்களில் தொடங்குவது. உடனே கவனித்தால் குணமாவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சையளிக்கத் தனிப் பிரிவே இயங்குகிறது. இவற்றில் ஒன்றையும் சொல்லாமல், திரையில் தொட்டிலருகே கத்தியோடு நிற்கும் தாயை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பெண், தனக்கு மனம் சரியில்லை என்று நாளை யாரிடம் வாய் திறப்பாள்?

ஆகவே, இவ்வகை நூலுக்கோ தொடருக்கோ மதிப்புரை எழுதுவோர், கதை கர்ப்பிணியின் சொல்லை எப்படி நடத்துகிறது, நோயைச் சித்திரித்தால் மருத்துவ உண்மையோடு அது பொருந்துகிறதா என்பவற்றையும் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். இயன்றால் அத்தகைய மதிப்புரையின் அருகிலேயே, பேறுகால மனநலம் குறித்து மகப்பேறு அல்லது மனநல மருத்துவர் ஒருவரிடம் நான்கு வரி கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி.