222–0 கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அட்லாண்டா நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் கூப்பிட்டுப் பாராட்டுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்குப் போக வேண்டியது. அதைப் பிரித்துக் கொடுக்கத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மலரின் ஆசிரியர் அக்காவுக்கு. 1916 அக்டோபர் 7 அன்று நம் ஊர் ஜார்ஜியா டெக் கல்லூரி, டென்னசியிலிருந்து வந்த கம்பர்லேண்ட் கல்லூரியை 222–0 என்று வீழ்த்திய கதையை எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்பகுதி டெக் அணியின் கோச் ஜான் ஹைஸ்மனைப் பற்றி. இன்று கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான பெரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. அக்கா படித்துவிட்டு, “ஜெயிச்சவங்களைப் பத்தித்தான் எல்லாரும் எழுதுறாங்களே, அந்தப் பசங்க எதுக்கு வந்தாங்க?” என்று கேட்டார். கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் பிறந்ததுதான்.

பதிலைத் தேட உதவியவர் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஆவணப் பிரிவில் இருக்கும் அம்மையார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் கேட்டதற்கு மேலேயே எடுத்துக் கொடுத்தார். விஷயம் இதுதான்: கம்பர்லேண்ட் அந்த வருஷம் கால்பந்தையே கைவிட்டிருந்தது. ஆனால் டெக்குடன் போட்டிருந்த ஒப்பந்தம் அப்படியே இருந்தது. ஆட வராவிட்டால் 3,000 டாலர் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில், அந்தச் சின்னக் கல்லூரிக்கு, அது தாங்க முடியாத தொகை. டெக் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதே வருஷம் பேஸ்பாலில் கம்பர்லேண்டிடம் 22–0 என்று தோற்ற கோபம் ஹைஸ்மனுக்கு இருந்தது. அந்த ஆட்டத்தில் கம்பர்லேண்ட் காசு கொடுத்து வெளியாட்களை இறக்கியது என்ற சந்தேகம் வேறு. கடைசியில் மாணவர் மேனேஜர் ஜார்ஜ் ஆலன் தன் நண்பர்களைத் திரட்டி ஒரு அணி என்று பெயர் பண்ணி அழைத்து வந்தார். பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு நெருங்கிய ஆலோசகராக இருந்தவர் இதே ஆலன்தான்.

அப்புறம், பக்கத்து வீட்டு அண்ணன். அமெரிக்கக் கால்பந்தின் விதிகளை டைனிங் டேபிளில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தியே புரியவைத்தவர். அந்த ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட இல்லை என்று படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் ஃபர்ஸ்ட் டவுன். கம்பர்லேண்டால் அது முடியவில்லை. அவர்களுடைய சிறந்த முன்னேற்றமான பத்து கஜ பாஸும் (பந்தை முன்னால் வீசிப் பிடிப்பது), அதற்குள் நிறையப் பின்னால் தள்ளப்பட்டிருந்ததால், போதவில்லை. டெக்குக்கு அது தேவையே படவில்லை, அதற்கு முன்பே டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) விழுந்துவிடும். ஒரு பாஸ்கூட வீசாமல், ஓடியே அடித்தார்கள்.

கணக்கைச் சரிபார்த்த பத்தாம் வகுப்புச் செல்லத்துக்கும் நன்றி. 32 டச் டவுன், தலா 6, ஆக 192. டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உதைகளில், தலா 1 வீதம், 30. மொத்தம் 222, சரிதான். ஆட்டத்தின் நான்கு கால் பாகங்களில் புள்ளிகள் 63, 63, 54, 42 என்று இறங்குவதைப் பார்த்து, “டெக் களைச்சுட்டாங்களா அங்கிள்?” என்று கேட்டாள். இல்லையம்மா, பிற்பாதியில் ஆட்ட நேரத்தையே குறைத்துக்கொண்டார்கள்.

டெக்கில் படித்த ஒரு நண்பர் ஹைஸ்மனுக்காக என்னிடம் நீண்ட நேரம் வாதாடினார். மொத்தப் புள்ளிகளை வைத்து அணிகளை எடைபோடும் பத்திரிகைக்காரர்களின் அபத்தத்தைக் காட்டத்தான் அப்படி ஆடினார் என்பது அவர் கட்சி. இடைவேளையில் 126–0. அதற்கு மேலும் அடித்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இருந்தும் அவர் கோபித்துக்கொள்ளாமல் பழைய படங்களைத் தேடித் தந்தார். மலரின் அட்டைக்கு அடுத்த பக்கத்தில் இருப்பது அவர் உபயம்.

அச்சுப் பிழை பார்த்த தம்பிகள், சனிக்கிழமைகளில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவி, எல்லாருக்கும் நன்றி.

தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நாஷ்வில் பக்கம் போகிறேன். கம்பர்லேண்ட் இருக்கும் லெபனான் என்ற ஊர் அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், காரில் இடம் இருக்கிறது.