கணைய நீர்க்கட்டிக்கு அவசரக் கத்தி வேண்டாம்

ஆசிரியருக்கு,

கணைய அழற்சி தணிந்து வீடு திரும்பியவர்கள், இரண்டாம் வார ஸ்கேனில் ‘கணையத்தருகே 8 செ.மீ. நீர்த்தேக்கம்’ என்று கண்டதும் ‘உடனே எடுத்துவிடுங்கள்’ என டாக்டரை நெருக்குகிறார்கள். அந்த நேரத்தில் அதன் சுவர் பாலேடு மாதிரிதான் இருக்கும். தையலும் பிடிக்காது, நீரை வடிக்க வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டும் நிற்காது. சுவர் தடிக்க 4 வாரமாவது ஆகும். அதற்குள் பல தேக்கங்கள் தாமாகவே வற்றிவிடும். 6 செ.மீ. தாண்டினால் அறுவை என்ற பழைய கணக்கு இன்று செல்லாது. வலி, ஓயாத வாந்தி, காமாலை, கிருமித் தொற்று இவைதான் கணக்கு.

தொற்று இல்லாதபோது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாட்டிக் ஏற்றுவது வீண். தொற்றினாலும் பொறுக்க இடமுண்டு: 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தொற்றிய தேக்கத்தை வடிக்கக் குழாய் போடுவதைத் தள்ளிவைத்த 49 பேரில் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக்கே போதுமானதாக இருந்தது.

பட்டினி போடாதீர்கள். பசித்ததும் இட்லி, குழைந்த சாதம், ஆடை நீக்கிய மோர் எனக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய். மலம் எண்ணெயாக மிதந்து எடை குறைந்தால் செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை தேவைப்படும். அதை உணவோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் பயனில்லை. மது அறவே கூடாது.

குளிர்காய்ச்சல், கருமலம், ரத்த வாந்தி, திடீர் வயிற்றுவலி வந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீர்க்கட்டியில் தொற்று ஏறியிருக்கலாம், அல்லது அதை ஒட்டிய ரத்தக்குழாய் அரித்து உடைந்திருக்கலாம்.

இரைப்பை குடல் மருத்துவர்,
திருச்சி