பல்லைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்னிடம் பலகாரம் வாங்குகிற எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாகப் பெரிய ஆர்டர் எதையும் எடுக்காமல் இருந்தேன், இப்போது மறுபடி அடுப்பு மூட்டியாச்சு. நடுவில் என்னைத் தூக்கி நிறுத்தினவர்களுக்கு நேரில் சொன்னால் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி பல் டாக்டரம்மாவுக்கு. அதற்கு முன் போன இடத்தில், பலகாரம் போடுகிறவள்தானே, இனிப்புத் தின்று கெடுத்துக்கொண்டாய் என்று ஒரே வரியில் முடித்து, அடைத்த பல்லையே திரும்பத் திரும்ப அடைத்து அனுப்பினார்கள். இந்த அம்மா வாயைத் திறக்கச் சொல்லி அந்தச் சின்னக் கண்ணாடியைக் கன்னத்துக்குள் விட்டார், அது உள்தோலில் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அப்புறம்தான் சொத்தை எங்கே இருக்கிறது என்று காட்டினார். ஈறை ஒட்டி வரிசையாக, கீழ் முன்பல்லின் நுனியிலும்கூட. எச்சில் சரியாக ஊறுகிற வாயில் அங்கெல்லாம் சொத்தை வருவது அபூர்வமாம். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதாக்கா? தண்ணி குடிக்காம ஒரு சீப்புச் சீடை தின்ன முடியுதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் கண்ணைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அவர் கொடுத்த சீட்டோடு மதுரையில் மூட்டுவாத டாக்டரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனை, கீழுதட்டின் உள்பக்கம் துளி சதை எடுத்து இன்னொரு பரிசோதனை, கடைசியில் ஷோகிரென் நோய் என்றார்கள். 1933ல் இதை விவரமாக எழுதின ஸ்வீடன் கண் டாக்டரின் பேராம் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் எதிரியென்று நினைத்து அழிக்கிறது, வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சுரப்பியைத் தூண்ட பைலோகார்ப்பின் மாத்திரை தந்தார். எச்சில் கொஞ்சம் ஊறுகிறது, வேர்வைதான் ஆறாக ஓடுகிறது. எண்ணெய்ச் சட்டிமுன் நிற்கிறவளுக்கு இது வேறு! ஆனாலும் அவர் அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்கினாரே, அதற்கு நன்றி.

பல் டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுதினால் யாருக்காவது ஆகும். இனிப்புப் பட்டதும் வாய்க் கிருமி அமிலம் உண்டாக்கும், அதை முறித்துப் பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருவதே எச்சில்தான். அது இல்லாதவர்களுக்கு எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை வாயில் போட்டோம் என்பதுதான் பெரிய விஷயம். நான் நாள் முழுக்கத் துளித் துளியாக ருசி பார்க்கிறவள். பாகை ருசி பார்ப்பதை விட்டுவிட்டேன், அது சுலபம், தண்ணீரில் விட்டு உருட்டினாலே மணகோலத்துக்குப் பதம் கைக்குத் தெரியும். தேன்குழல் மாவுக்கு உப்பு சரியா என்று நாக்கு சொன்னால்தானே தெரியும், என் நாக்கோ பூஞ்சைத் தொற்றால் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வேலையை என் நாத்தனார் எடுத்துக்கொண்டாள். உப்புக் கூடினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், அவளை மாதிரி ஆள் கிடைக்க மாட்டாள்.

எலுமிச்சை மிட்டாய் சப்பு, நெல்லிக்காய் அடக்கிக்கொள் என்று வாசலில் நின்று சொன்ன அக்கம்பக்கத்து அக்காமார்களுக்கும் நன்றி. நல்ல மனசுதான், ஆனால் எச்சில் வற்றிய வாயில் அந்தப் புளிப்பே பல்லை அரிக்குமாம், தயவுசெய்து இன்னொருத்திக்குச் சொல்லாதீர்கள். நான் பல்லைக் கெடுக்காத சைலிடால் என்கிற இனிப்புப் போட்ட சூயிங்கம் மெல்கிறேன், அடிக்கடி தண்ணீர் குடிக்கிறேன், ராத்திரி பேஸ்டைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமலே படுக்கிறேன். நம் கடைப் பேஸ்டில் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிற ஃபுளோரைடு அதிகம் போனால் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, டாக்டரம்மா பல்லில் பூசிவிடுகிற வார்னிஷில் 22,600. மூன்று மாதத்துக்கு ஒருதரம் அவரே போன் போட்டு வரச் சொல்கிறார், எந்த டாக்டர் செய்வார் சொல்லுங்கள்.

கடைசியாகக் கானாடுகாத்தான் ஆச்சிக்கு. மதுரைக்குப் போகக் கார் அனுப்பினீர்கள், ஆர்டரைச் செய்ய முடியவில்லை என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தால் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அந்தப் பணம் அப்படியே இருக்கிறது ஆச்சி. பேத்தி கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும் சொல்லி அனுப்புங்கள், மணகோலமும் தேன்குழலும் நம் வீட்டிலிருந்துதான்.