நடுவில் குழி விழுந்த கேக்கைச் சாப்பிட்ட எல்லோருக்கும்

கோத்தகிரி நட்புகளுக்கு வணக்கம்.

வீடு வீடாக வந்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் வந்தால் டீ போட்டு உட்கார வைத்துவிடுவீர்கள், மூன்றாவது வீட்டைத் தாண்டி என்னால் நகர முடியாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு 38 வீடுகளுக்கு என் கேக் போய்ச் சேர்ந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வரவில்லை. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நான் தூத்துக்குடிக்காரி. மக்ரூன் வாசனையில் வளர்ந்தவள், கடல் மட்டத்தில் நின்று கேக் போடக் கற்றுக்கொண்டவள். அம்மாவின் நோட்டில் உள்ள கணக்கு ரொம்ப எளிது. அரைக் கிலோ மைதா, அரைக் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சீனி, பத்து முட்டை. அங்கே இருந்தவரை அது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இங்கே வந்த முதல் டிசம்பரில் அதே கணக்கில் கலந்து, அதே ஓவனில் வைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மளமளவென்று எழும்பி வந்தது. தூத்துக்குடியில்கூட அவ்வளவு உயரம் பார்த்ததில்லை. பெருமை தாங்காமல் "இங்க வந்து பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் நடுப்பகுதி மெதுவாக உள்ளே இறங்கிவிட்டது. சுற்றிலும் மேடு, நடுவே பள்ளம். பால் ஊற்றினால் நிற்கும்.

அந்தக் கேக்கைத்தான் வெட்கமில்லாமல் பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லோரும் "சூப்பர்" என்றீர்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி, ஆனால் அந்த "சூப்பர்" எனக்கு ஒரு வருஷத்தை வீணாக்கியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உண்மையைச் சொன்னவன் பக்கத்து வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன்தான். நடுத்துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது கேக்கா, களியா?" என்றான். அவன் அம்மா அவனைக் கிள்ளியதை நானும் பார்த்தேன். கிள்ளியிருக்க வேண்டாம் அக்கா. அவனுக்குத்தான் இந்த மடலில் முதல் நன்றி.

ஓவன்தான் பழுது என்று முடிவு கட்டி, வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்க்கிறோம் என்று பத்து நாள் வைத்திருந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். சரி, அது போகட்டும்.

குழியின் ரகசியத்தைச் சொன்னவர் மேல் தெருவில் இருக்கும், பிசிக்ஸ் எடுத்து ஓய்வுபெற்ற சார். நான் கொண்டுபோன கேக்கை அவர் சாப்பிடவே இல்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், "ஏம்மா, உங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகுதா?" என்று கேட்டார். இல்லை சார், மணிக்கணக்காகக் கொதிக்கிறது, வேகமாட்டேன் என்கிறது என்றேன். "அதே கதைதான் இதுவும்" என்றார்.

நம் ஊர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே வர வர காற்றின் அழுத்தம் குறைகிறது. தூத்துக்குடியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, அதில் சூடு போதவில்லை, அதனால்தான் பருப்பு அடம் பிடிக்கிறது. கேக்குக்குள் நடப்பது இன்னும் வேடிக்கை. பேக்கிங் பவுடரில் இருந்து கிளம்பும் வாயுவை மேலிருந்து அழுத்த இங்கே காற்றுக்குப் பலம் இல்லை. குமிழ்கள் இஷ்டத்துக்கு ஊதிப் பெருக்கின்றன. முட்டையும் மைதாவும் வெந்து இறுகிச் சுவராக நிற்பதற்கு முன்பே குமிழ் உடைந்துவிடுகிறது. தாங்க ஒன்றும் இல்லாமல் கூரை உட்கார்ந்துவிடுகிறது. நான் பெருமைப்பட்ட அந்த உயரம்தான் வியாதியே.

நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் சார் மருந்துச்சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தார். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடும் இடத்தில் முக்கால் போதும். ஒரு கப் சீனிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி குறை. ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூட்டு. ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்று, சீக்கிரமே எட்டிப் பார். அவ்வளவுதான். அம்மாவின் நோட்டில் கை வைக்க எனக்கு மனசே வரவில்லை, சீனியைக் குறைக்கும்போது துரோகம் செய்வதுபோல இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வெளியே வந்த கேக் நடுவில் லேசாக மேடு தட்டி நின்றது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "நோட்டு தப்பில்லம்மா, மலைதான் காரணம்" என்றேன். "நோட்டுல தப்பு இருக்கும்னு நெனச்சியா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

சார், அந்தத் தாள் இப்போதும் என் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது. எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன சொல்ல? டிசம்பர் காலையில் நம் சமையலறையே ஒரு ஃபிரிட்ஜ். வெண்ணெய் கல்லாகக் கிடக்கும், சீனியோடு சேராது. பொறுமை இழந்து குளிர்ந்த முட்டையை உடைத்து ஊற்றினால் பால் திரிந்ததுபோலத் திரிந்துவிடும். முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடு, வெண்ணெய்க் கிண்ணத்தை எங்க அடுப்பாங்கரைக்கு அனுப்பு என்று சொன்னவர் அவர்தான். அவர்கள் வீட்டு விறகடுப்பின் ஓரத்தில் ராத்திரி முழுக்க இருந்த வெண்ணெய், காலையில் விரல் வைத்தால் அப்படியே உள்ளே போகும். அவர்கள் நீலகிரியின் படகர் சமூகத்து வீடு, அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகை வேலை தலைக்கு மேல் கிடந்த நாட்கள் அவை. அந்த நேரத்திலும் என் வெண்ணெய்க்குக் காவல் இருந்தார்.

அவருடைய தம்பிக்குக் கேத்தி பாலாடாவில் கேரட் தோட்டம். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகாத உடைந்த கேரட்டை அரை மூட்டை கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, காசு கொடுக்கப் போனால் வண்டியைக் கிளப்பிவிட்டார். முட்டை சாப்பிடாத ஆறு வீடுகளுக்கான கேக் அதில்தான் ஆனது. துருவிய கேரட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலைக்காற்றில் இரண்டு நாள் இருந்தாலும் கேக் வறளாது. தைரியமாகச் சொல்கிறேன், முட்டை போட்ட கேக்கைவிட இதுதான் நன்றாக வந்தது. முட்டைக்காரர்கள் மன்னிக்கவும்.

லவ் கேக் சொல்லிக் கொடுத்த பாட்டியை எப்படி விடுவேன்? மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே தேயிலை எடுக்க வந்தவர். நுவரெலியாவில் துரை பங்களாச் சமையலறையில் எடுபிடியாக இருந்தபோது கண்ணால் பார்த்துக் கற்றது என்று சொன்னார். ரவை, பொடித்த முந்திரி, தேன், ரோஜாப் பன்னீர், ஜாதிக்காய், சீனிப் பாகில் ஊறிய பூசணித் துண்டுகள், நிறைய மஞ்சள் கரு. "இதுக்கு பவுடரே வேணாம் புள்ள, குழியும் விழாது" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நுவரெலியாவும் ஏறக்குறைய நம் ஊர் உயரம்தான். அந்த மலைக்குச் சரியான கேக் இந்த மலைக்கும் சரியாகத்தானே இருக்கும்? இதை முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால் ஓவனைச் சுமந்துகொண்டு அலைந்திருக்க வேண்டாம். வெந்ததா என்று பார்க்க அவர் குச்சியால் குத்த மாட்டார். மூக்கை நீட்டி மோந்து பார்த்து, "இப்ப எடு" என்பார். அரை நிமிஷம் முன்னே பின்னே இருக்காது.

இனி டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி.

பிளம் கேக்குக்கு உலர்ந்த பழங்களை அக்டோபரிலேயே ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டாயிற்று. சீனியைக் கருக்கிப் பாகு தயார். 14 கிலோவுக்கு மாவு கலந்து, டின்களில் ஊற்றி, முதல் இரண்டு டின்னை ஓவனில் வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. காற்றும் மழையுமாக இருந்த நேரம், எங்கோ மரம் சாய்ந்து மின்கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தது. ஊரே இருட்டு. விடிந்தால்தான் வருமாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டுவிட்டால் காத்திருக்காது, குமிழ் எல்லாம் மேலே வந்து போய்விடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 14 டின்னையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன் என்றும் எழுதலாம், வீட்டுக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார்.

வர்க்கி என்கிற நம் ஊர் மொறுமொறு பிஸ்கட் போடும் பேக்கரிக்குப் போகலாம் என்று சொன்னது களி தம்பியின் அப்பா. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அது விறகு அடுப்பில் வேகிற பண்டம், கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன? ஓர் ஆட்டோ, அதன் பின்னால் ஒரு ஜீப். ஆளுக்கு இரண்டு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பனிமூட்டத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். ஆட்டோ அண்ணன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "பிடிச்சுக்கங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பேக்கரி மாஸ்டர் அன்றைய வர்க்கியை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். டின்களையும் என் முகத்தையும் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கழற்றி வைத்திருந்த துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுப்புக்குள் கிடந்த கங்குகளை நீளக் கம்பால் ஓரத்துக்கு ஒதுக்கினார். ஈரச் சாக்கைக் கம்பின் நுனியில் சுற்றிக் கல்தளத்தைத் துடைத்தார், புஸ்ஸென்று ஆவி வந்தது. ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே எறிந்துவிட்டு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். மைதா உடனே கறுத்துவிட்டது. தலையை ஆட்டினார், கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி ஒரு சிட்டிகை. இந்தத் தடவை பழுப்பு நிறம். இன்னும் கொஞ்ச நேரம். மூன்றாவது தடவை எறிந்த மாவு மெல்ல மெல்லப் பொன்னிறமானது. "இப்ப வைக்கலாம்மா" என்றார். தெர்மாமீட்டர் என்ற ஒன்று அந்த இடத்திலேயே கிடையாது. கங்கு பக்கம் இருந்த டின்கள் கருகாமல் இருக்கப் பழைய தாளை இரண்டு மடிப்பாக நனைத்துச் சுற்றினார். பாதி வெந்ததும் நீளத் துடுப்பால் இடம் மாற்றினார். என் ஓவனில் பாதி வெந்து நின்றுபோன இரண்டு டின்னையும் அவர் ஒதுக்கவில்லை. "இது புட்டிங்கா ஆயிடும், விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி ஒரு மணிக்கு 12 கேக் வெளியே வந்தது. விறகுப் புகையின் வாசம் லேசாக அதில் ஏறியிருந்தது. அது என்ன எசென்ஸ் என்று என்னிடம் எத்தனை பேர் கேட்டீர்கள்! கூலி என்று பேச்செடுத்தபோது மாஸ்டர் அண்ணன் ஒரே ஒரு துண்டு கேட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டார். "சீனி கம்மியா இருக்கே" என்றார். அண்ணே, அது சார் போட்ட கணக்கு, அவரிடம் கேளுங்கள்.

குன்னூருக்குப் போக வேண்டிய நான்கு பெட்டிகளை முதல் பஸ்ஸில் தன் சீட்டில் வைத்துவிட்டு, வழியெல்லாம் நின்றுகொண்டே போன கண்டக்டருக்கும் நன்றி. ஜீப் கொடுத்த பெரியவருக்கும், முட்டையைக் கடனாகக் கொடுத்த மளிகைக்கடைக்கும் நன்றி. கணக்கை இந்த வாரம் முடித்துவிடுகிறேன்.

கடைசியாக டப்பா விஷயம். மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் உங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாக்களையே வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்தவற்றில் ஒன்றுகூட வெறும் டப்பாவாக இல்லை. படகர் வீட்டுப் பலகாரமான எண்ணெ ஹிட்டு, பட்டர் பீன்ஸ், மரத்தக்காளி, ஒன்றில் ஒரு பிடி காய்ந்த மல்லி. கேக் கொடுத்ததைவிட அதிகம் வந்துவிட்டது, கணக்கு இப்போது என் பக்கம்தான் பாக்கி.

மூன்று டப்பா மட்டும் யாருடையது என்று தெரியாமல் இருக்கிறது. ஒன்றின் மூடியில் ஆணியால் "மு" என்று கீறியிருக்கிறது. இன்னொன்றுக்குக் கைப்பிடி இல்லை. மூன்றாவது பச்சைப் பெயின்ட் அடித்த பழைய பிஸ்கட் டின். உரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள், மூன்றிலும் லவ் கேக் இருக்கிறது. திங்கட்கிழமை வந்தால் டப்பா மட்டும்தான் இருக்கும்.

அன்புடன்,
கீழ்த்தெரு தூத்துக்குடிக்காரி