பிள்ளைக்காம்பராவுக்கும் அதைச் சுற்றி நின்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆயம்மாமாருக்கும், மிட்வைஃப் மிஸ்ஸுக்கும், கங்காணிமாருக்கும், சாக்குத் தூக்கும் தம்பிமாருக்கும், லயம் என்கிற வரிசை வீடுகளின் அப்பாயி அம்மாயிமாருக்கும்,

வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவிலிருந்து, வருகிற தவணையில் முதலாம் தரத்துக்குப் போகும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்த நேரம் தொடங்கி அந்திக் கொழுந்து நிறுத்து முடியும்வரை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் எங்கள் பிள்ளைகள் உங்கள் கையில்தான் இருந்தார்கள். மொட்டையாக நன்றி என்று சொல்லி முடித்தால் நீங்கள் செய்தது என்னவென்று வெளியே தெரியாது. அதனால் செய்ததைச் செய்தபடியே எழுதுகிறோம். இனிப் பிள்ளை பெறப்போகும் தங்கச்சிமாருக்கும் அது கைகொடுக்கும்.

முதலில் பால். பிரசவ லீவு 84 நாள். அது முடிந்து தாய் மறுபடி கூடை மாட்டும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட நிறைந்திருக்காது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். கொழுந்து பறிக்கும் மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவே அதை நடத்திக் காட்டியவர் மூத்த ஆயம்மா. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்த எவர்சில்வர் கப்பில் பாலைப் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அமுக்கி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். முதல் ஓரிரு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பால் வற்றிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அங்கே விடாமல் தொடர்ந்தால் பால் பீறிட்டு வரும். மலையில் நிற்கும்போது மார்பு கட்டினாலும் இதே போலப் பீய்ச்சிவிட வேண்டும். நிறைந்தபடியே விட்டால் சுரப்புக் குறையும், காய்ச்சலும் வரலாம்.

பீய்ச்சிய பால் 25 பாகை செல்சியஸைத் தாண்டாத இடத்தில் 4 மணித்தியாலம் வரை கெடாது. நம் குளிருக்குக் காம்பராவின் நிழல் மூலையே போதும், மூடி இறுக்கமாக இருந்தால் சரி. குளிர்ந்த பாலை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கப்பை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்காமல் கொட்டிவிட வேண்டும். சூப்பி போத்தலை ஆயம்மாமார் காம்பராவுக்குள் சேர்க்கவே மாட்டார்கள். சூப்பியின் இடுக்கில் தங்கும் பால்தான் வயிற்றோட்டத்துக்கு வாசல் என்பது அவர்களுடைய அனுபவம். சின்னக் கப்பின் விளிம்பைப் பிள்ளையின் கீழுதட்டில் தொட்டுப் பிடித்தால் பிள்ளை நாக்கால் தானே நக்கி எடுக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கேறும். இப்படிக் கொடுக்க நேரம் பிடிக்கும். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டும் அந்த நேரத்தைக் கொடுத்தீர்களே ஆயம்மா, அதை எப்படிச் சொல்லி முடிப்பது!

வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஐயா, இந்த இடத்தில் உங்களுக்கும் நன்றி. ஒரு வயது நிறையாத பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் உண்டு. காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் உச்சி மலையில் நிற்பவளுக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். சட்டம் கொடுத்ததைப் பாதை விழுங்கிவிடும். நீங்கள் பால் கொடுக்கும் தாய்மாருக்குக் காம்பராவை ஒட்டிய தேயிலை நிரையைப் பிரித்துக் கொடுத்தீர்கள். தூரத்து மலையில் வேலை விழுந்த நாட்களில், சாக்குத் தூக்கும் தம்பிமார் மூடிய கப்பைக் கொழுந்துச் சாக்கோடு போட்டுவிடாமல் தனிப் பையில் தோளில் மாட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எந்தத் தாயுடைய பால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டும் பழக்கமும் அவர்களால்தான் வந்தது. மற்றத் தோட்டங்களிலும் இதைச் செய்துபார்க்கலாம், செலவே இல்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு சோறு. இங்கே அதிகம் நடக்கும் தவறு சாப்பாட்டைத் தண்ணியாகக் கரைத்துக் கொடுப்பது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும், சத்து போய்ச் சேராது. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக அரைக் கோப்பைக்கு ஏற்றி, எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதிலிருந்து மூன்று நான்கு வேளை, நடுவில் ஒரு வாழைப்பழமோ அவித்த கிழங்கோ. காம்பராவில் குழைந்த சோறும் பருப்பும் கரட்டும் பூசணியும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுவீர்கள். நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து, உப்பைக் கழுவி, வெறும் சட்டியில் வறுத்து இடித்த தூளும் சிட்டிகை சிட்டிகையாக அதில் சேரும். முட்டை கிடைக்காத வாரத்தில் இரும்புச் சத்துக்கும் புரதத்துக்கும் அந்தத் தூள்தான் துணை. ரொட்டியும் சம்பலும் பெரியவர்களை மதியம் வரை தாங்கும். பல் முளைக்காத பிள்ளைக்கு அது சாப்பாடு ஆகாது.

சாயத் தேத்தண்ணி பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முழுமையாகாது. தேயிலைக்குள் வாழும் நமக்குப் பிள்ளை அழுதால் ஒரு வாய் தேத்தண்ணி கொடுப்பது இயல்பாக வந்துவிடும். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. பருப்பும் கீரையும் ஊட்டிவிட்டு மேலே தேத்தண்ணி கொடுத்தால் ஊட்டிய இரும்பில் நிறைய வீண். இதை லயம் லயமாக உட்கார்ந்து சொன்னவர் மிட்வைஃப் மிஸ். இரண்டு வயதுக்குள் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளித்தான். கீரையில் நாலு சொட்டுத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அப்பாயி அம்மாயிமாரே, உங்கள் கையால் கொடுத்துப் பழகியதை நீங்களே நிறுத்தினீர்கள். பேரப்பிள்ளை கை நீட்டும்போது மறுப்பது லேசான காரியமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா பக்கெட் 750 கிராம். நாளுக்கு 50 கிராம் வீதம் ஒரு பிள்ளைக்கு 15 நாளைக்கு வரும். வீட்டில் எல்லாருமாகப் பகிர்ந்தால் ஐந்தாறு நாளில் தீர்ந்து, கிளினிக் கொப்பியில் எடைக் கோடு அசையாமல் நிற்கும். திரிபோஷா சோற்றுக்குப் பதில் இல்லை, சோற்றோடு மேலதிகம். பனி மூட்டத்தில் திறந்த பக்கெட் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மூடி இறுகிய டின்னில் போடும்படி மிஸ் சொன்னார். பழைய பிஸ்கட் டின்களைத் தேடிக் கொடுத்தவர் கடைக்கார அண்ணன். அவருக்கும் நன்றி.

எடை பார்ப்பதில் மிஸ் காட்டிய கண்டிப்பு முதலில் எங்களுக்குப் புரியவில்லை. குளிரில் பிள்ளையின் உடுப்பைக் கழற்றச் சொல்கிறாரே என்று மனம் சுருங்கும். கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 300 கிராம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பிள்ளை ஒரு மாதத்தில் ஏறுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். சட்டையோடு நிறுத்தால் ஏறாத பிள்ளையும் ஏறியதாகத் தெரியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, தாயின் சீலைக்குள் பிள்ளையைச் சுற்றி வைத்து, தொங்கு தராசில் வெறும் பையை மாட்டி முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளையைப் பைக்குள் விடுவார். கொப்பியிலுள்ள எடைக் கோடு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட அது மேலே போகிறதா என்பதையே அவர் முதலில் பார்ப்பார். கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தால் அடுத்த நாளே வீட்டு வாசலில் நிற்பார். தடுப்பூசித் திகதிகளையும் அப்படியே காத்தார்: பிறந்ததும் காசநோய்த் தடுப்புக்கான பீ.சி.ஜீ., பிறகு 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஐங்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும், 9 மாதத்தில் சின்னமுத்து ஊசி, 12 மாதத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி, பிறகு ஒன்றரை, மூன்று, ஐந்து வயதுகளில் அடுத்த ஊசிகள்.

குளிரும் புகையும் நம் ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சுக்கு இரட்டை எதிரி. ஈர விறகைப் போட்டால் லயத்து வீடு முழுக்கப் புகை அடையும். தொட்டில் அடுப்பங்கரையில் இருந்தால் சளி விடவே விடாது. சூடு இருக்கட்டும் என்று அங்கே கட்டுகிறோம். ஆயம்மாமார் வீடு வீடாக வந்து தொட்டிலை முன்னறைக்கு மாற்றிக் கட்டவைத்தார்கள். அடுத்த நாள் விறகை முந்திய இரவே அடுப்பின் பக்கத்தில் அடுக்கிக் காயவைக்கவும் சொன்னார்கள். இன்னொன்று மிக முக்கியம்: தை மாதக் குளிரில் கரித்தணலைச் சட்டியில் எடுத்துச் சாத்திய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பிள்ளையைத் தாயின் உடம்போடு ஒட்டிப் படுக்கவைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, நெஞ்சையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தால் போதும். நெஞ்சு சூடாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் இன்னொரு துணி வேண்டும்.

மூச்சு எண்ணவும் மிஸ் கற்றுத்தந்தார். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்குப் பிழையாகும், பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் ஏற முடியாத லயத்துப் பாதைகளில் ரோட்டுவரை கொண்டுபோய்ச் சேர்த்த ஓட்டோ அண்ணன்மார் ஒரு தடவைகூடக் காசு பேசிவிட்டுக் கிளம்பியதில்லை.

வயிற்றோட்டத்துக்கு, இழந்த நீர்ச்சத்தை ஈடுசெய்யும் ஜீவனித் தூள். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், அளந்து. பாதிப் பக்கெட்டைப் பாதித் தண்ணீரில் கலக்கக் கூடாது. தூளில் உப்பும் சீனியும் சமமாகப் பிரிந்து வராது. ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. 24 மணித்தியாலம் கடந்ததைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலோ, மூத்திரம் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீலைத் தொட்டிலைப் பற்றி ஆயம்மாமாரின் ஒழுங்கு: பழைய பருத்திச் சீலை மட்டும், நைலெக்ஸ் போன்ற செயற்கை நூல் சீலை வழுக்கும். முடிச்சைத் தினமும் காலையில் பெரியவர் ஒருவர் தன் பாரத்தைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். சீலை முகத்தில் மூடாமல் குறுக்கே கம்பு. தரையிலிருந்து ஒரு முழத்துக்குமேல் உயரம் போகாது, கீழே பாய். கழுத்துக் கயிறு, தாயத்து எதுவானாலும் தொட்டிலில் போடுமுன் கழற்றி இடுப்பில் கட்டிவிட வேண்டும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கிய அன்றே தொட்டில் முடிந்தது, பிறகு பாயில்தான். கவிழ்ந்து விழுந்த பிள்ளைகள் அநேகமாக இந்த வயதில்தான் விழுகிறார்கள்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் வேறு விதமானது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல் கூடும். அதைவிடப் பெரிய தலைவலி பெயர். வாயால் சொல்லி மற்றவர் எழுதினால் தகப்பன் பெயர் ஒரு மாதிரியும் பிள்ளையின் பெயர் இன்னொரு மாதிரியும் விழுந்து, பிறகு அடையாள அட்டை எடுக்கும்போது முட்டும். ஐயா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாய், தகப்பன், பிள்ளை பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் எழுதி, தாய் தகப்பன் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்த்துக் கொடுத்தார். அந்தத் தாளைப் பதிவாளர் முன் வைத்தால் போதும். கையெழுத்துப் போடுமுன் எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்கவும் பழக்கினார். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் முந்திய வருடமே கொடுக்க வேண்டியது என்பதையும், லய இலக்கத்தோடு விலாசக் கடிதம் வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தியவர் அவரே.

பிள்ளைகள் காம்பராவை விட்டுப் போவதால் வீட்டில் மிஞ்சும் பருத்திச் சீலைகளையும், மூடியுள்ள எவர்சில்வர் கப்புகளையும், மூடி இறுகும் டின்களையும் கொதிநீரில் போட்டுக் காயவைத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். அன்றைக்கே தகப்பன்மார் தொட்டில் கட்டும் கூரை வளைமரத்தைச் சோதித்து, உளுத்த இடத்தை மாற்றி, அடுப்பங்கரைக் கூரையில் புகை போகத் தகரம் வெட்டி வைத்துவிடுவார்கள். ஆயம்மா, வேறு என்ன வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்லியனுப்புங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
கீழ்ப்பிரிவுத் தாய் தகப்பன்மார்