வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கும் என்று சொல்லுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் கன்சல்டன்சிக்காரர்களுக்கு,

வணக்கம். போன செப்டம்பரில் என் சித்தி மகன் உங்களில் ஒருவர் மூலமாகத்தான் எம்.எஸ்சி. படிக்க பிரிட்டன் போனான். விசா விண்ணப்பம், வங்கிக் கணக்கில் 28 நாள் கிடக்க வேண்டிய பணம் எல்லாவற்றையும் கச்சிதமாக முடித்துக் கொடுத்தார். அதில் குறையில்லை.

அவர் காட்டிய வண்ணப் புத்தகத்தில் புல்வெளியும் பழைய செங்கல் கட்டடங்களும் இருந்தன. அவை இருப்பது வட இங்கிலாந்தில். இவனுக்குக் கிடைத்ததோ அதே பல்கலைக்கழகத்தின் லண்டன் கிளை: ஆபீஸ் கட்டடம் ஒன்றில் சில மாடிகள், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மாணவர் சங்கம், விளையாட்டுத் திடல் எல்லாம் ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி. ஈஸ்ட்ஹாமில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறான். இட்லிக்கும் முருகன் கோயிலுக்கும் அங்கே பஞ்சமில்லை. கூடப் படிக்கிறவர்களோடு ஒரு டீ குடித்தாயா என்று கேட்டால்தான் யோசிக்கிறான்.

நான் 2018-இல் ஷெஃபீல்டில் படித்தேன். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரந்தான் வகுப்பு. மீதிப் படிப்பு நூலகத்திலும் காபிக் கடையிலும் நடந்தது. முதல் வாரம், ஃப்ரெஷர்ஸ் வீக்கில், மலை நடைக் குழு ஒன்றில் பேர் கொடுத்துவைத்தேன். பஸ் ஏறினால் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி. அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்து எல்லாரும் சிரித்த அன்றுதான் எனக்கு இங்கிலீஷ் பேசும் கூச்சம் விட்டது. செமினாரில் வாய் திறந்தது அதற்கப்புறம்தான்.

அங்கே எம்.எஸ்சி. ஒரே வருஷம். கோடைக்காலம் ஆய்வேட்டுக்குப் போய்விடும். மிஞ்சுகிற எட்டொன்பது மாதமும் எந்த ஊரில், யாரோடு கழியும் என்பதை ரேங்க் பட்டியல் சொல்லாது.

பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறது, எங்களிடம் 'ஃப்ரீ சர்வீஸ்' என்கிறீர்கள். சரி, தொழில். எந்தெந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம், 'படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம்' என்ற பலகையைக் கழற்றுங்கள். 2027 ஜனவரி 1 முதல், படிப்பு முடிந்து வேலை பார்க்கத் தரும் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு 18 மாதந்தான்.

அடுத்த மாதம் அவன் தங்கை உங்களிடம் வருகிறாள். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் முகவரியையும் போன வருஷத்து டைம்டேபிளையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அவள் முதலில் அதைத்தான் கேட்பாள்.